சிவந்த உப்புநீரில் இருப்பது யார்?

1992ஆம் ஆண்டு சாக்கடல் சிவந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் வழக்கத்துக்கு மாறாக மழை கொட்டியது. ஓடிவந்த நன்னீர் கடல்மட்டத்தைச் சுமார் இரண்டு மீட்டர் உயர்த்தியது. அடர்த்தியான உப்புநீர் அடியில் தங்கிவிட, நீர்த்துப்போன ஓர் அடுக்கு மேலே நின்றது. அந்த அடுக்கில் முதலில் துனாலியெல்லா என்னும் நுண்பாசி பெருகியது. பாசி தனக்குள் சேர்த்து வைக்கும் கிளிசரால்தான் உப்பு நீரில் வாழும் செந்நிற நுண்ணுயிர்களுக்குச் சோறு. அது கிடைத்ததும் அவை ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் பெருகி நீரையே செந்நிறமாக்கிவிட்டன.

இது நடந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1994 அக்டோபரில், சாக்கடல் உயிரியலுக்கே தன் வாழ்நாளைக் கொடுத்த அஹரோன் ஓரெனும் அவருடன் பணியாற்றியவர்களும் மேல்மட்ட நீரை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடியிலிருந்து ஏழு கோடி வரை வைரஸ் போன்ற துகள்கள் இருந்தன. நுண்ணுயிர் ஒன்றுக்குச் சராசரியாக நான்குக்கும் மேல். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்த வைரஸ் கூட்டமும் ஆயிரங்களுக்குச் சரிந்துவிட்டது. பெயரிலேயே சாவைச் சுமக்கும் ஒரு நீர்நிலையில் ஒரு பெருக்கமும் ஒரு பேரழிவும் நடந்து முடிந்தன. கரையில் நின்றவர்கள் கண்டது நிறத்தை மட்டும்தான்.

உப்புப் போட்டால் எதுவும் கெடாது என்பது நம் சமையலறை அறிவு. ஊறுகாயும் கருவாடும் உப்புக்கண்டமும் அதை நம்பித்தான் நிற்கின்றன. அடர்ந்த உப்பு, நுண்ணுயிரின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். உயிர் வற்றிச் சாகும். பெரும்பாலான உயிர்களுக்கு இது பொருந்தும். உப்பை விரும்பும் ஒரு கூட்டத்துக்கு மட்டும் பொருந்தாது. பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்தவை அவை. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் உயிர்க்குலத்தில் இப்படி ஒரு தனிக் கிளை உண்டு என்று காட்டும்வரை, இவற்றையும் பாக்டீரியா என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த உப்பு ஆர்க்கியாக்கள் வெளியில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ அதற்கு ஈடாகத் தம் உடலுக்குள்ளும் பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொள்கின்றன. உள்ளும் வெளியும் சமமாகிவிட்டால் நீர் வெளியேற வழியில்லை. அவற்றின் புரதங்களும் அந்த அடர்த்தியில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும்படி அமைந்தவை. ஆகவே, உப்பு அவற்றுக்கு வெறுமனே சகித்துக்கொள்ளும் ஒன்று அல்ல, தேவை. பல இனங்களை நல்ல தண்ணீரில் போட்டால் உடல் வெடித்துச் செத்துவிடும்.

உப்புக்குள் உயிர் இருக்கும் என்பதை அறிவியலுக்கு முதலில் காட்டியவற்றில் மீனும் உண்டு. உப்பிட்ட காட் மீன் ஏன் சிவந்துபோகிறது என்று கனடாவில் ஹாரிசனும் கென்னடியும் ஆராய்ந்து, 1922இல் அதற்குக் காரணமான நுண்ணுயிரை விவரித்தார்கள். நம் ஊரிலும் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் கருவாடு சிவந்து பிசுபிசுப்பதுண்டு. சூரிய வெப்பத்தில் விளைந்த உப்போடு கூடவே வந்த ஆர்க்கியாக்கள்தான் அதற்குக் காரணம்.

இனி வைரஸ்கள்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். உப்பளத்தில் வெயில் அதை வற்றச் செய்துகொண்டே போகிறது. முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும், அதன் பிறகே உப்பு பூக்கும். ஒரே கடல்நீர் பாத்திக்குப் பாத்தி அடர்ந்துகொண்டே போவதால், உப்பு ஏற ஏற உயிர்கள் எப்படி மாறுகின்றன என்பதை வரிசையாகப் பார்க்க உப்பளத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே அருகிலுள்ள சாந்தா போலா உப்பளங்களில் 1990களில் இதைச் செய்தார்கள். உப்பு ஏற ஏற மீன், புழு, சிறு இறால் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. 25 விழுக்காட்டைத் தாண்டியதும், நுண்ணுயிர்களை மேய்ந்து தின்னும் ஒற்றைச்செல் உயிரிகளும் ஏறக்குறைய இல்லாமல் போகின்றன. வைரஸ் எண்ணிக்கையோ குறையவில்லை, ஏறுகிறது. உப்பு மிகுந்த நீர்நிலைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி முதல் நூறு கோடி வரை வைரஸ்கள் எண்ணப்பட்டிருக்கின்றன.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். குளத்திலோ கடலிலோ ஒரு நுண்ணுயிரைக் கொல்ல ஆயிரம் பேர் உண்டு. உப்பு முற்றிய பாத்தியில் மேய்பவர் ஏறக்குறைய யாரும் இல்லை. அங்கே வைரஸ்தான் முதன்மையான வேட்டைக்காரன். யார் பெருகுவது, யார் குறைவது, செத்தவரின் உடல் யாருக்கு உணவாவது என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது. ஒரு செல்லை வைரஸ் உடைக்கும்போது உள்ளே இருந்த சத்து அத்தனையும் நீரில் கரைகிறது. அதைத் தின்று அடுத்த தலைமுறை வளர்கிறது. உப்பேரியின் உணவுச் சுழற்சி இப்படித்தான் ஓடுகிறது.

படிப்பவருக்கு உடனே எழும் கேள்வி, இவை நம்மைத் தாக்குமா என்பது. தாக்காது. இந்த வைரஸ்கள் ஆர்க்கியாக்களுக்குள் மட்டும் பெருகுபவை. மனிதருக்கு நோய் தருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்லும்படி ஓர் ஆர்க்கியாகூட இதுவரை அறியப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் தின்னும் உப்போடு இவை நம் இலைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இவ்வளவு சிறிய ஒன்றை எப்படிப் பிடிப்பது? முதலில் உப்புநீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் விடுகிறார்கள். நுண்ணுயிர்கள் மேலே தங்கிவிட, வைரஸ்கள் நீரோடு கீழே இறங்கிவிடும். அந்த நீரை ஆர்க்கியா ஒன்றின் வளர்ப்போடு கலந்து, அகர் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றுகிறார்கள். அகரிலேயே லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். காய்ந்தால் ஓரமெல்லாம் உப்பு பூத்துப் பாழாகிவிடும் என்பதால் தட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, வெதுவெதுப்பான பெட்டியில் வைக்கிறார்கள். இந்த உயிர்கள் மெதுவாகத்தான் வளரும். சில நாள்களில், சில சமயம் ஒரு வாரத்துக்குப் பிறகு, தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் படலம் பரவும். அதன் நடுவே ஆங்காங்கே குண்டூசித் தலை அளவில் நிறமற்ற, தெளிந்த வட்டங்கள் தென்பட்டால் வைரஸ் அகப்பட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு வட்டமும் ஒரு வைரஸில் தொடங்கிய அழிவு.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஆய்வகத்தில் வளர மறுக்கும் ஆர்க்கியாவின் வைரஸை இப்படிப் பிடிக்க முடியாது. உப்பளங்களில் மிகுதியாக வாழும் உயிரே பல ஆண்டுகள் அப்படித்தான் ஏய்த்துக்கொண்டிருந்தது. 1980இல் ஆந்தனி வால்ஸ்பி, சினாய் தீபகற்பத்தின் உப்புக் குட்டையில் ஒரு விந்தையான உயிரைக் கண்டு எழுதினார். அது சதுரமாக இருந்தது. அஞ்சல்தலை போலத் தட்டையாக, நேர்க்கோட்டு விளிம்புகளோடு. அதை ஆய்வகத்தில் வளர்க்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது, நீரிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் ஒன்றாக வாசித்து, அதிலிருந்து வைரஸ்களின் மரபுத்தொடரைக் கணினியில் கோத்தெடுக்கிறார்கள். வளர்க்காமலே வைரஸைப் படிக்க இதுவே வழி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள டிரெல் ஏரியில் இப்படிப் பார்த்தபோது, வைரஸ் கூட்டம் சில நாள்களுக்குள் பெரிதாக மாறவில்லை, ஆண்டுகள் கடந்தபோது மாறியிருந்தது என்று தெரிந்தது.

வகை வேறுபாடு என்று வந்தால், வடிவத்தில் இருந்தே தொடங்கலாம். பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் தலையும் வாலும் கொண்டவை. உப்பேரிகளிலும் அந்த வகை ஏராளம். ஆனால், 1998இல் ஆஸ்திரேலிய உப்பளம் ஒன்றிலிருந்து விவரிக்கப்பட்ட ‘ஹிஸ்1’ இரு முனையும் கூம்பிய வடிவம் கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்நெஸ்ட் தீவு ஏரியில் கிடைத்த ‘எஸ்ஹெச்1’ பல முகம் கொண்ட உருண்டை. அதன் புரத ஓட்டுக்கு உள்ளே ஒரு கொழுப்புப் படலம். சிசிலித் தீவின் திராபானி உப்பளத்திலிருந்து ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் பிரித்து 2009இல் அறிவித்த வைரஸுக்கோ நிலையான வடிவமே இல்லை. வெறும் கொழுப்புப் பை, உள்ளே ஒற்றை இழை டிஎன்ஏ. ஆர்க்கியாக்களில் ஒற்றை இழை டிஎன்ஏ வைரஸ் கிடைத்தது அதுவே முதல் முறை. அது தான் குடியிருக்கும் செல்லை உடைப்பதும் இல்லை. வளர்ச்சியைச் சற்றுக் குறைத்துவிட்டுக் கசிந்து வெளியேறுகிறது.

இன்னொரு வியப்பு, இவை பரவியிருக்கும் விதம். ஒரு நாட்டு உப்பளத்தில் பிடித்த வைரஸ், வேறு கண்டத்து உப்பளத்திலிருந்து எடுத்த ஆர்க்கியாவைத் தாக்குவதை ஹெல்சிங்கி குழுவினர் 2012இல் காட்டினார்கள். கடலும் பாலையும் குறுக்கே கிடக்க இவை எப்படிப் பயணம் போகின்றன? உப்புப் படிகத்துக்குள் சிக்கிக்கொண்ட துளி நீரில் ஆர்க்கியாக்கள் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். காற்றில் பறக்கும் உப்புத் தூள் ஒரு வாகனம். பறவை இன்னொன்றாக இருக்கலாம்: பூநாரைகளின் இறகுகளில் உயிருள்ள செந்நிற உப்பு ஆர்க்கியாக்கள் இருப்பதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கோடியக்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் ஆண்டுதோறும் வரும் பூநாரைகள் எந்தெந்த உப்புநீரில் கால் நனைத்துவிட்டு வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால், நம் பாத்திகளும் உலக உப்பேரிகளோடு தொடுப்பு உள்ளவைதாம் என்று தோன்றுகிறது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது மழை பற்றிய கண்டுபிடிப்பு. உப்பு ஆர்க்கியாவைத் தாக்கும் வைரஸை முதலில் விவரித்தவர்கள் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தின் டொர்ஸ்விக்கும் டுண்டாஸும். ஆண்டு 1974. சில ஆண்டுகள் கழித்து அவர்களே ஒன்றைக் கவனித்தார்கள். உப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு இருக்கும்போது வைரஸும் ஆர்க்கியாவும் ஒன்றாகக் காலம் தள்ளுகின்றன. வைரஸ் உள்ளே இருந்தும் வளர்ப்பு அழிவதில்லை. உப்பு 17, 18 விழுக்காட்டுக்கு இறங்கினால் வைரஸ் வெறிகொண்டு செல்களை உடைக்கிறது. ஜமைக்காவின் உப்புக் குட்டைகளில் கிடைத்த வைரஸை வைத்து 1990இல் டேனியல்ஸும் வைஸும் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் கைகாட்டியது. உப்பு நிறைந்து ஆர்க்கியா செழித்திருக்கும்வரை வைரஸ் அடங்கியிருக்கிறது. மழை பெய்து நீர் நீர்த்துப்போனால் எப்படியும் ஆர்க்கியாவுக்கு முடிவு நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து வைரஸ் பெருகி வெளியேறிவிடுகிறது. ஆர்க்கியாவைக் கொல்லும் அளவு நீர்த்த நீரிலும் பல உப்பேரி வைரஸ்கள் கெடாமல் தங்கும் என்பதால், மறுபடி உப்பு ஏறும்வரை அவற்றால் காத்திருக்க முடியும். மூளையும் இல்லாத, தனக்கென ஓர் உடலும் இல்லாத துகள் ஒன்று பருவம் அறிந்து நடந்துகொள்கிறது.

தாக்குபவர் இருந்தால் தடுப்பவரும் இருப்பார். அந்தத் தடுப்பின் கதை சாந்தா போலாவில்தான் தொடங்குகிறது. மருத்துவ உலகையே புரட்டிப்போட்டதும் அதுதான்.

1989இல் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ மொஹிகா முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். சாந்தா போலா உப்பளத்தில் கிடைத்த ஹாலோஃபெராக்ஸ் மெடிடெரானியை என்ற ஆர்க்கியா, உப்பின் அளவு மாறும்போது எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அதன் டிஎன்ஏவை எழுத்து எழுத்தாக வாசித்தபோது விநோதமான ஒன்று தென்பட்டது. ஏறத்தாழ 30 எழுத்து நீளமுள்ள ஒரே தொடர், சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இடைவெளிகளில் இருந்த எழுத்துகளோ ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு. 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவில் இதுபோன்ற ஒன்றைக் கண்டு, காரணம் தெரியாமல் குறித்துவைத்திருந்தார்கள். தன் ஆர்க்கியாவில் கண்டதை மொஹிகா 1993இல் வெளியிட்டார். பிற்பாடு இதற்குக் கிரிஸ்பர் என்று பெயர் வந்தது.

எதற்காக இது என்று பத்தாண்டு தேடினார். 2003 ஆகஸ்டில், சாந்தா போலா கடற்கரை வெயிலிலிருந்து தப்பித்துக் குளிரூட்டிய தன் அலுவலக அறைக்கு வந்து, அந்த இடைவெளித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதுவரை உலகம் வாசித்துவைத்திருந்த மரபுத்தொடர்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈ.கோலி பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு துண்டு, ‘பி1’ என்ற வைரஸின் டிஎன்ஏவோடு பொருந்தியது. அந்தத் துண்டைச் சுமந்த பாக்டீரியா வகையோ பி1 வைரஸுக்குப் பிடிகொடுக்காது என்று முன்பே தெரிந்த வகை. தொடர்ந்து ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சோதித்தார். ஏற்கெனவே தெரிந்த தொடர்களோடு பொருந்தியவை 88 மட்டுமே. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வைரஸ்களிலிருந்தோ அவற்றைப் போல நுழையும் டிஎன்ஏ வளையங்களிலிருந்தோ வந்தவை.

இந்தத் துண்டுகளைச் சுமந்த நுண்ணுயிர் வைத்திருந்தது ஒரு மொய் நோட்டு. எந்த வைரஸ் வந்து போனதோ அதன் டிஎன்ஏவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வந்த வரிசைப்படியே தன் நோட்டில் சேர்த்துக்கொள்கிறது. அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தப் பதிவைப் படியெடுத்துக் கையில் வைத்திருக்கும் புரதங்கள் வைரஸின் டிஎன்ஏவில் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டிவிடும். பெற்றோர் செல் எழுதிய பதிவு பிள்ளைச் செல்லுக்கும் போய்ச் சேரும்.

மொஹிகாவின் கட்டுரையைப் பெரிய இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் 2005இல் ஒரு சிறிய இதழில் வெளிவந்தது. 2007இல் தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவைக் கொண்டு, இது உண்மையிலேயே நோய் எதிர்ப்பு முறைதான் என்று செய்து காட்டினார்கள். 2012இல் எமானுவேல் ஷார்பாந்தியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் அந்த வெட்டும் புரதத்தை நாம் விரும்பிய இடத்தில் வெட்டவைக்கலாம் என்று நிறுவினார்கள். 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. 2023 இறுதியில், அரிவாள் செல் இரத்தசோகைக்கான கிரிஸ்பர் சிகிச்சை ஒன்றுக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் கொடுத்தன.

நோபல் குழு மொஹிகாவின் பெயரைச் சேர்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உப்புத் தண்ணீரில் ஒரு நுண்ணுயிர் எப்படிப் பிழைக்கிறது என்ற, யாருக்கும் பயன் இல்லாததாகத் தோன்றிய கேள்வியைப் பத்தாண்டுக்கும் மேல் விடாமல் பிடித்திருந்தவர் அவர். அவர் பிடியை விட்டிருந்தால் இந்த வரலாறு இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ.

ஸ்பெயினுக்குச் சாந்தா போலா வாய்த்ததுபோல் நமக்கும் உப்பளங்கள் உண்டு. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடற்கரை நெடுகப் பாத்திகள் கிடக்கின்றன. கோடை முற்றும்போது அவற்றிலும் நீர் சிவக்கிறது. அதைக் கழிவுநீர் என்று எண்ணிக் கடந்து போகிறவர்கள் உண்டு. பாத்திக்குள் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவர்களுக்கு, எந்த நிறத்தில் எத்தனை டிகிரி அடர்த்தி, உப்பு விளைய இன்னும் எத்தனை நாள் என்பது பார்த்த பார்வையிலேயே தெரியும். அந்த அறிவை ஆய்வாளர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

மழை வந்து உப்பு நீர்த்தால் வைரஸ் என்ன செய்கிறது என்று சொன்னேன். நம் கரையில் அந்த மழை தேதி குறித்துக்கொண்டு வருகிறது. தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுபோகிறது. பாத்திகள் மழைநீரில் மூழ்குகின்றன. அடங்கியிருந்த வைரஸ்கள் கிளம்ப வேண்டிய பருவம் அது. கடற்கரை மாவட்டங்களில் நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இந்த ஆண்டு மழைக்கு முன்பு ஒரு பாத்தியிலிருந்தும், மழை பிடித்த பிறகு வாரம் ஒரு முறை அதே பாத்தியிலிருந்தும் ஒரு குப்பி நீர் எடுத்து வையுங்கள். அடர்த்தியை அளக்கும் கருவி எந்த உப்பளத்திலும் இருக்கும். வடிகட்டியும் அகரும் தட்டும் உங்கள் ஆய்வகத்தில் இருக்கும். உப்பை அளத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.